சாம்பிராணிப் புகையும் ஷிஃபாவும்

மரங்களுக்குள் மணத்தை வைத்தவனும், நோயைப் படைத்து அதற்கான மருந்தையும் உடன் படைத்தவனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். நறுமணத்தை நேசித்த நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் உள்ள வீரபாண்டிக்கு வெள்ளிக்கிழமை காலையில் வருகிறவர்களுக்கு இரண்டு வாடைகள் எதிர்ப்படும். ஒன்று, பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் புதுத் துணியின் வாடை. மற்றொன்று, சாம்பிராணியின் மணம். தலையில் தொப்பியும் தோளில் பச்சைத் துண்டுமாக ஒரு பெரியவர், தணல் நிறைந்த சட்டியுடன் கடை கடையாக ஏறி இறங்குவார். மயிலிறகால் ஒரு வீசு வீசுவார். கல்லாப்பெட்டி வரை புகை போகும். மளிகைக் கடைக்காரர், பேக்கரிக்காரர், கம்பெனி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என எந்த மதத்தவராயினும் அவரைத் தடுப்பதில்லை. 'பாய், குழந்தைக்கும் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க' என்று தாய்மார்கள் இடுப்பில் குழந்தையுடன் முன்னே வருவார்கள்.

காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் இந்தப் புகையைப் பற்றி நாம் இப்போது எழுத முற்பட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் காரணமன்று. மார்க்கம் நறுமணத்துக்குக் கொடுத்துள்ள இடம் எது, மருந்துக்குக் கொடுத்துள்ள இடம் எது என்பதைப் பிரித்தறியாமல் நாமே ஒரு தவறு செய்தோம். அதைப் பின்னர் சொல்கிறோம். முதலில் அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

மரத்தின் காயத்தில் பிறந்த மணம்

மரத்தின் பட்டையில் வெட்டு விழுந்தால் சில மரங்களிலிருந்து பால்போல ஒன்று கசிந்து, காற்றுப் பட்டு இறுகுகிறது. புழு பூச்சியும் பூஞ்சையும் உள்ளே நுழையாதபடி மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு அது. கருவேலம் பிசினைப் போன்றது தண்ணீரில் கரையும், மணக்காது. சாம்பிராணியைப் போன்றது தண்ணீரில் கரையாது. தணலில் இட்டால் மணக்கும். கண்ணில்லாத, கையில்லாத மரத்துக்குத் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தவன் யார்? சிந்திக்க வேண்டாமா?

நம் வீடுகளில் புழங்கும் சாம்பிராணி தமிழ்நாட்டு மரத்தில் விளைவதன்று. இந்தோனேசியாவின் ஸுமத்ரா தீவிலும், லாவோஸ் முதலிய நாடுகளிலும் உள்ள மரங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. அரபிகள் இதை 'லுபான் ஜாவி' என்றார்கள். ஜாவா நாட்டுக் குந்திருக்கம் என்பது பொருள். அக்காலத்தில் ஸுமத்ராவையும் ஜாவா என்றே அழைப்பர். 14ஆம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களும் தம் பயண நூலில் இம்மரத்தைக் குறிப்பிட்டுள்ளார்கள். இந்த 'லுபான் ஜாவி' என்ற பெயர்தான் ஐரோப்பியர் நாவில் தேய்ந்து திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று.

பரங்கிச் சாம்பிராணி என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது வேறு, அதுதான் குந்திருக்கம். அரபியில் 'குந்துர்' என்றும் 'லுபான்' என்றும் சொல்வார்கள். உயர்ந்த ரகம் உமான் நாட்டின் ளுஃபார் மலைப்பகுதியிலும் சோமாலியாவிலும் விளைகிறது. ளுஃபாரின் குந்திருக்க மரங்களையும் அவ்வணிகம் நடந்த பழைய துறைமுகங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதே இனத்தைச் சேர்ந்த மரம் நம் இந்தியக் காடுகளிலும் உண்டு. வெள்ளைப்போளம் என்பது அரபியில் 'முர்' எனப்படும் பிசின். கருங்குங்கிலியம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிடைப்பது. மலைவாழ் மக்கள் சேகரித்துக் கொண்டுவந்து விற்பார்கள். சமையலறையில் இருக்கும் பெருங்காயமும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசினே.

கற்பூரத்தின் கதையும் இதுபோன்றதே. ஸுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்துக் கற்பூரத்தை அரபிகள் 'ஃபன்ஸூரி' என்று சிறப்பித்துப் பேசினார்கள். அதே பாரூஸில் கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது. அரபு வணிகரும் தமிழ் வணிகரும் ஒரே துறையில் ஒரே மணத்தைத் தேடிக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். இன்று கடையில் வில்லையாக விற்கும் கற்பூரம் பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவது. அதற்கும் மூலம் பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைன்தான்.

நறுமணம் ஸுன்னத்து

நமது மார்க்கம் நறுமணத்தை வெறுக்கச் சொல்லவில்லை, நேசிக்கச் சொல்லிற்று. யாரேனும் வாசனைப் பொருள் கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமப்பதற்கு இலேசானது என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். ஜும்ஆ நாளில் குளித்து, வீட்டில் உள்ள வாசனையைப் பூசிக்கொண்டு, பிறரைப் பிரித்துக்கொண்டு போகாமல் அமைதியாக வந்து தொழுகிறவருக்குரிய நற்பேற்றை ஹள்ரத் ஸல்மான் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீ ஷரீஃபில் காண்கிறோம். குடியிருப்புகளில் பள்ளிவாசல்களைக் கட்டி, அவற்றைத் தூய்மையாகவும் நறுமணத்தோடும் வைக்க வேண்டுமென்று ஏவப்பட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அகில் கட்டையைக் கலப்பின்றியும், சில வேளை அதன்மீது கற்பூரத்தை இட்டும் ஹள்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் புகையிடுவார்கள். நபியவர்களும் இவ்வாறே செய்தார்கள் என்று சொல்வார்கள். இது முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. தாபியீன்களில் நுஐம் என்னும் பெரியார் ஒருவர் இருந்தார்கள். ஹள்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர். மஸ்ஜிதுன் நபவியில் நறுமணப் புகையிடும் கித்மத்தினால் அவர்களுக்கு 'அல்முஜ்மிர்', அதாவது புகையிடுபவர், என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஹதீஸ் கிதாபுகளில் இன்றும் அவர்கள் அப்பெயராலேயே அறியப்படுகிறார்கள். பள்ளிவாசலில் சாம்பிராணி போடுகிற மோதினார்களே! உங்கள் கித்மத்து சிறியதென்று எண்ணிவிடாதீர்கள்.

மனிதனுடைய கடைசிக் குளிப்பிலும் மணம் சேர்கிறது. நபியவர்களின் மகளார் வஃபாத்தானபோது, கடைசித் தடவை ஊற்றும் நீரில் கற்பூரம் சேர்க்குமாறு உம்மு அதிய்யா (ரலி) அவர்களிடம் பணித்தார்கள். இன்றும் நம் மையித்துகளுக்கு அவ்வாறே செய்கிறோம்.

இவ்வளவும் நறுமணத்தின் சிறப்பு. ஆனால் அன்பர்களே, இவற்றில் எந்த இடத்திலாவது 'மூச்சுத் திணறும் குழந்தையைப் புகைக்குள் பிடியுங்கள்' என்றிருக்கிறதா? இல்லை. இங்கேதான் நாம் சறுக்கினோம்.

நாம் செய்த தவறு

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பனி அதிகமாக இருந்த நாட்கள். நாம் இமாமத்துச் செய்யும் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு லைன் வீட்டில் கணவனும் மனைவியும் மூன்று வயது மகனும், பையனின் நன்னிமாவும் குடியிருந்தார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை பார்ப்பவர். ஒரே அறை, ஒரே ஜன்னல். அதிலும் பாதியை மறைத்துத் துணி மூட்டை.

ஒரு மஃக்ரிபுக்குப் பின் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சளி, இளைப்பு. நாம் ஓதி ஊதினோம். அந்தத் தாய் கேட்டார்: 'ஹஜ்ரத், சாம்பிராணி போடலாமுங்களா? நன்னிமா போடச் சொல்றாங்க.' நாமோ அடுத்த வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தோம். 'தாராளமாகப் போடுங்கம்மா, பரக்கத்தான பொருள்' என்று சொல்லிவிட்டோம். இரண்டு வினாடியில் சொன்ன சொல்.

மூன்றாம் நாள் நடுநிசி தாண்டிப் பள்ளிவாசல் கதவு தட்டப்பட்டது. பையனை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி மூச்சு வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. மீண்டும் ஓதி ஊதச் சொல்லித்தான் நம்மிடம் வந்தார்கள். ஓதினோம். ஓதிக்கொண்டே மோதினாரின் வண்டியை எடுக்கச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் ஒரு முகமூடியைப் பொருத்தி மருந்தைச் செலுத்தினார். நம் மக்கள் அதையும் 'புகை வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். அது புகையன்று, மருந்து கலந்த நீரைப் பனிபோலத் தூவி மூச்சுக் குழாய்க்குள் அனுப்புவது. சிறிது நேரத்தில் பையனின் நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கத் தொடங்கிற்று. அல்ஹம்துலில்லாஹ். பிறகு டாக்டர், 'வீட்டில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டார். அந்தத் தாய் நம்மைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

'ஹஜ்ரத் சொன்னாங்கன்னுதான் கதவைச் சாத்திட்டு மூணு நாளும் சாயந்தரம் புகை போட்டோமுங்க.'

டாக்டர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மருத்துவம் தெரியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இருக்கிறது. அறிவிப்பாளர் வரிசையோடு நமக்கு அது மனப்பாடம். ஆயினும் அந்த ஹதீஸ் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அன்றிரவு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

உம்மு கைஸின் குழந்தை

பஜ்ருத் தொழுகைக்குப் பின் வேறொரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரீ ஷரீஃபில் மருத்துவ அதிகாரத்தில் உள்ளது. உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) என்னும் ஸஹாபியப் பெண்மணி தம் சிறு மகனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். குழந்தைக்குத் தொண்டை வீக்கம். அக்கால வழக்கப்படி தொண்டைக்குள் விரலை விட்டு அழுத்தியிருந்தார்கள். நபியவர்கள் அந்த வழக்கத்தைப் பாராட்டவில்லை. குழந்தைகளை ஏன் இப்படி அழுத்தி வேதனைப்படுத்துகிறீர்கள் என்று கேட்டு, இந்திய ஊதைப் பயன்படுத்துமாறும், அதில் பல நோய்களுக்கு நிவாரணம் இருப்பதாகவும் அருளினார்கள்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். 'ஊது' என்றதும் நாம் தணலில் இடும் அகில் கட்டையை எண்ணிக்கொண்டு, இந்த ஹதீஸைக் காட்டி விலையுயர்ந்த ஊதை நோய்க்குப் புகையிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஹதீஸில் வரும் ஊது, 'குஸ்த்' எனப்படும் வேர் என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். இமயமலைச் சாரலில் விளைவது. நம் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்பார்கள். அதைப் புகையிடச் சொல்லவும் இல்லை. தொண்டை நோய்க்கு மூக்கு வழியாகவும், விலாப்புற நோய்க்கு வாயின் ஓரமாகவும் மருந்தாகச் செலுத்தவே சொல்லப்பட்டது.

அகில் வேறு. அந்த மரத்துக்குள் பூஞ்சை நுழைந்து காயம் உண்டாகும்போது, அதை எதிர்த்து மரம் சுரக்கும் பிசின் கட்டைக்குள்ளேயே ஊறிக் கறுக்கிறது, அதுவே ஊது. காயம் படாத அகில் மரம் வெறும் விறகு. நம் திருப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் அஸ்ஸாம் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மாநிலத்து ஹோஜாய் நகரம் இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்றது. அதன் மணம் மனத்துக்கு இதம், மஜ்லிஸுக்கு அழகு. மூச்சு நோய்க்கு மருந்தென்று அதைச் சொல்வதற்கு இந்த ஹதீஸில் ஆதாரம் இல்லை.

இந்த உம்மு கைஸ் (ரலி) யார் தெரியுமா? உக்காஷா பின் மிஹ்ஸன் (ரலி) அவர்களின் சகோதரி. ஓதிப் பார்க்கும்படி பிறரிடம் கேட்காமல், சகுனம் பார்க்காமல், தம் ரப்பின் மீதே தவக்குல் வைத்தவர்களாகக் கேள்வி கணக்கின்றிச் சுவர்க்கம் செல்லும் எழுபதினாயிரம் பேரைப் பற்றி நபியவர்கள் சொன்னபோது, எழுந்து நின்று, 'நானும் அவர்களில் ஒருவனா?' என்று கேட்டு நற்செய்தி பெற்றவர்கள் உக்காஷா (ரலி) அவர்களே. அண்ணன் தங்கை இருவரையும் சேர்த்துப் பாருங்கள். தவக்குலில் உச்சிக்குச் சென்றவர் பிறந்த அதே குடும்பத்தில், குழந்தைக்கு நோய் வந்தபோது, தீங்கான வழக்கத்தை விட்டு நல்ல மருந்தைக் கொடு என்றுதான் நபியவர்கள் வழிகாட்டினார்கள். 'ஹஜ்ரத், டாக்டரிடம் போனால் தவக்குல் குறைந்துவிடாதா?' என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு வீட்டுக் கதை போதும்.

பிசினில் மருந்தே இல்லையா?

உண்டு. இப்னு ஸீனா (கி.பி. 980 - 1037) தம் 'அல்கானூன்' நூலில் குந்துர், முர், கற்பூரம் முதலியவற்றைத் தனி மருந்துகளாக எழுதியுள்ளார். நமது சித்த வைத்தியமும் யூனானியும் அவற்றைக் கையாள்கின்றன. நாம் சொல்ல வருவதெல்லாம், எந்தப் பொருள், எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த வழியில் என்று அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பதே.

சாம்பிராணியையே எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் டிங்க்சர் பென்சாயின் என்று ஒரு குப்பி கிடைக்கும். அது சாம்பிராணியைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் மருந்து. வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்பதற்கும், தோலில் தடவி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுவதற்கும் வெகுகாலமாகப் பயன்படுகிறது. சிறுவர்களுக்கு வெந்நீர்ப் பாத்திரத்தை அருகில் வைத்து ஆவி பிடிக்கச் செய்தால் அது கவிழ்ந்து தீப்புண் நேருமென்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். இங்கே பயன்படுவது ஆவி, தணல் புகையன்று. தணலில் எரியும் எதுவும், எவ்வளவு மணத்தாலும், கண்ணுக்குத் தெரியாத கரித்துகளைக் காற்றில் விடுகிறது. இளைப்பு நோயுள்ளவரின் மூச்சுக் குழாயை அது இறுக்கிவிடும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் மணமில்லாத நச்சுக் காற்றும் சேர்கிறது. கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று விற்பவற்றில் பிசினைவிடக் கரித்தூளும் மரத்தூளும் அதிகமாக இருப்பதுண்டு. பஞ்சுத் தூசியையும் பகலெல்லாம் சுவாசிக்கிற நம் தொழிலாளர் வீடுகளில் இது எவ்வளவு பாரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குந்திருக்கத்தின் சாரத்தை மூட்டுவலிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் விளையும் குக்குலுவின் செய்தி இன்னும் படிப்பினையானது. அது இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் 1966இல் அளிக்கப்பட்ட ஓர் ஆய்வேடு கூறிற்று. உலகமே அதை நாடியது. அமெரிக்காவில் 103 பேரை வைத்து நடத்தப்பெற்று 2003இல் வெளிவந்த சோதனையிலோ, கெட்ட கொழுப்பு குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. வெட்டி வெட்டி எடுத்ததில் அந்தச் செடியினமே இன்று அழியும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடுவீர்கள் என்னும் கருத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்புகளுக்கும் இது பொருந்தாதா?

கற்பூரத்திலும் எச்சரிக்கை தேவை. மையித்துக்கு அது ஸுன்னத்து. ஆனால் சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் வலிப்பு வரக்கூடும். குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் கற்பூரத்தை வைக்காதீர்கள். பச்சிளங் குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள்.

வெளித்தாழ்வாரத்தில் ஒரு முதியவர்

அடுத்த ஜும்ஆவில் இதை மிம்பரில் நின்று சொன்னோம். நாம் சொன்னதையும், அதனால் நேர்ந்ததையும் மறைக்காமல் சொன்னோம். தொழுகை முடிந்து ஒரு முதியவர் நம்மிடம் வந்தார். நூற்பாலையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்ந்தவர். முன்வரிசையில் வழக்கமாக நின்றவர், இரண்டு ஆண்டுகளாக வெளித்தாழ்வாரத்தில் தொழுதுகொண்டிருந்தார். முழங்கால் வலி என்று நாமாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

'எனக்குப் புகை ஒத்துக்கறதில்லைங்க ஹஜ்ரத். குத்பா நேரத்துல இருமல் வந்துடும். அல்லாவோட வீட்டுல போடற சாம்பிராணியைக் குறை சொல்லக்கூடாதேன்னு சும்மா இருந்துட்டேன்' என்றார்.

வெங்காயம், பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாமென்று நபியவர்கள் தடுத்ததற்குக் காரணம் என்ன? பிறருக்கு அதனால் தொல்லை என்பதுதானே? வாடைக்கே அப்படியென்றால், மூச்சை அடைக்கும் புகைக்கு என்ன சொல்வது? மணத்தை அதிகமாக்கி மரியாதை செய்கிறோம் என்று எண்ணி, ஒரு முஃமினை முன்வரிசையிலிருந்து வாசலுக்குத் தள்ளியிருக்கிறோம். ஜமாஅத்தாருடன் கலந்து பேசி, இப்போது பாங்குக்கு ஒரு மணி நேரம் முன்பே, ஜன்னல்களைத் திறந்து வைத்துச் சிறிதளவு புகையிட்டு, மக்கள் வருமுன் சட்டியை வெளியே எடுத்துவிடுகிறோம். மணம் தங்குகிறது, புகை போய்விடுகிறது. முதியவர் முன்வரிசைக்குத் திரும்பிவிட்டார்.

கவனிக்க வேண்டியவை

சகோதரர்களே, சகோதரிகளே! நாம் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இளைப்பு, சளி, காய்ச்சல் உள்ள குழந்தை இருக்கும் அறையில் எந்தப் புகையும் வேண்டாம். குளிப்பாட்டிய பச்சிளங் குழந்தையைச் சாம்பிராணிச் சட்டியின் மேல் பிடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தலை ஈரம் உலர மெல்லிய துணி போதும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல், உம்மு கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸை நன்னிமாவுக்குப் படித்துக் காட்டுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

மூச்சு வாங்கும்போது விலா உள்வாங்கினால், உதடு நிறம் மாறினால், பால் குடிக்க முடியாமல் குழந்தை துவண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஓதிப் பார்ப்பதை மறுக்கவில்லை. வழியில் ஓதிக்கொண்டே போங்கள். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து வருவது. மருந்து அது வரும் வழிகளில் ஒன்று. கிராமவாசிகள் சிலர் வந்து மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்துப்பட நபியவர்கள் பதிலளித்தார்கள்.

சாம்பிராணிப் புகை ஷைத்தானை விரட்டும், கண்ணேறு கழிக்கும், வியாபாரத்தைப் பெருக்கும் என்றெல்லாம் புகைக்கே ஆற்றலை ஏற்றிவைக்காதீர்கள். பரக்கத்தைத் தருகிறவன் அல்லாஹ். புகை வெறும் புகையே.

நோன்பாளிகளுக்கு ஒரு மஸ்அலா. ஹனஃபி மத்ஹபின்படி நோன்பு நினைவிருக்கும்போது புகையை வேண்டுமென்றே உள்ளே இழுத்தால் நோன்பு முறிந்துவிடும். தானாகப் புகுந்துவிட்டால் முறியாது. ஆகவே ரமளான் பகலில் சட்டியருகே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு சொல். மரத்தூளும் மலிவான குங்கிலியமும் கலந்ததைச் சுத்தச் சாம்பிராணி என்று விற்பது ஹராம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்து, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தது தானியத்துக்கு மட்டுமன்று.

கடைசியாக, நம்மைப் போன்ற ஆலிம்களுக்கு. மக்கள் நம் வாயைப் பார்த்து நடக்கிறார்கள். 'போடலாமா?' என்று ஒரு தாய் கேட்டால், கதவு திறந்திருக்கிறதா, குழந்தைக்கு என்ன வயது, டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று மூன்று கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்? நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் நமது தலைப்பாகை தாழ்ந்துவிடாது.

அந்தப் பையன் இப்போது நம் மக்தபில் அலிஃப், பே ஓதுகிறான். குளிர்காலத்தில் அவனுக்கு டாக்டர் கொடுத்த மருந்தைத் தாய் தவறாமல் கொடுக்கிறார். அவர்கள் வீட்டு ஜன்னலை மறைத்த துணி மூட்டை இடம் மாறிவிட்டது. சாம்பிராணிச் சட்டியும் இருக்கிறது. பையன் மக்தபுக்கு வந்துவிட்ட நேரத்தில், வாசல் திண்ணையில் வைத்துக் கொஞ்சம் போடுகிறார்கள். கடைவீதியில் வரும் அந்தப் பெரியவரிடமும் பேசினோம். இப்போதெல்லாம் தாய்மார்கள் குழந்தையை நீட்டினால் சட்டியைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, மயிலிறகால் மட்டும் தலையைத் தடவி, 'அல்லா நல்லா வெப்பான்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

யா அல்லாஹ்! காயம்பட்ட மரத்திலிருந்து மணத்தை வெளிப்படுத்துகிறவனே! எங்கள் தவறுகளிலிருந்தும் எங்களுக்கு நல்லறிவை வெளிப்படுத்துவாயாக! அறியாமல் நாங்கள் சொன்ன சொல்லால் வேதனைப்பட்டவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் நறுமணத்தாலும், எங்கள் நாவுகளை நிதானத்தாலும் அலங்கரிப்பாயாக! பஞ்சுத் தூசியிலும் சாயத்திலும் உழைத்து ஹலாலான உணவு தேடும் எங்கள் மக்களின் நெஞ்சுக்கு நலத்தை அளிப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.